அக்காவுக்கு மாப்பிள்ளை

அண்டாவின் மூடியைத் தூக்கியதும் அடித்த வாடையில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பது வருடமாகப் பலகைத் துண்டுகளைக் கொதிக்கவைக்கிறவளுக்கு அந்த அறையின் வாடைகள் எல்லாம் அத்துப்படி. வெந்த மரம் ஈரச் சாக்கைப் போல மணக்கும். பலகையை ஒட்டுகிற நல்ல கறுப்புப் பிசின் ஆஸ்பத்திரி வராந்தாவைப் போல மூக்கைக் காந்தும். இது இரண்டிலும் சேராத வாடை. நான்கு நாள் மூடிக்கிடந்த மாவுப் பாத்திரத்தின் புளிப்பும், அதற்கு அடியில் கண்ணைக் கரிக்கிற ஏதோ ஒன்றும் சேர்ந்து அடித்தது.

இடுக்கியை உள்ளே விட்டுத் துழாவினாள். ஒன்பது மணிக்குப் போட்டது நான்கு துண்டுகள். முக்கால் மணி நேரத்தில் அவை முப்பத்தாறு ஆகியிருந்தன. ஒவ்வொரு துண்டும் ஒன்பது ஏடுகளாகக் கழன்று, ஊறிய பிஸ்கட் போலத் தொய்ந்து மிதந்தது. தண்ணீர் துருப்பிடித்த குழாயில் வருவதைப் போலச் சிவந்திருந்தது. நுரையில் கறுப்பாகப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. ஒன்றை இடுக்கி நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மாவு வண்டு. நசுங்கி, வெந்து, ஆறு கால்களோடு.

ஓர் ஏட்டை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். ஒட்டு இருக்கவேண்டிய இடத்தில் சளி இருந்தது. விரலைச் சேலையில் துடைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டு, குழாயடிக்குப் போய் மூன்று முறை சோப்புப் போட்டாள்.

அந்த அறைக்குக் காகிதத்தில் பெயர் சோதனை அறை. அந்த ஒட்டுப்பலகை ஆலையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இரண்டு அடுப்பும் இரண்டு அண்டாவும் இருப்பதால் அது அடுப்படி. அதைப் பார்த்துக்கொள்கிற அவள் அடுப்படி அக்கா. “இன்னைக்கு என்னக்கா சமையல்? உப்பு பாத்தாச்சா?” என்று யாராவது ஒருவர் தினமும் கேட்டுவிட்டுப் போவார். ஒன்பது வருடத்தில் கேட்கிறவர்களுக்குச் சலிக்கவில்லை. அவள்தான் பதில் சொல்வதை விட்டுவிட்டாள்.

வேலை சுலபமானது. மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, குறுக்கும் நெடுக்கும் அடுக்கிப் பசை பூசி, சூட்டில் அழுத்தினால் பலகை. தண்ணீர் படும் இடத்துக்குப் போகிற பலகை என்றால் அதிலிருந்து நான்கு துண்டு வெட்டி மூன்று நாள் கொதிக்கவிட வேண்டும். பிறகு ஒட்டுக்குள் உளியைச் செருகி நெம்ப வேண்டும். மரம் நார் நாராகக் கிழிந்தால் பலகை தேறியது. மரம் அப்படியே இருக்க, ஒட்டு மட்டும் வழவழவென்று விட்டுக்கொடுத்தால் தேறவில்லை. பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் எது தோற்றது என்று ஒரே ஒரு சொல் எழுத வேண்டும். ‘மரம்’ அல்லது ‘பசை’.

ஒன்பது வருடமும் அவள் எழுதியது ‘மரம்’. வேலை இல்லாத பிற்பகல்களில் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பாள். கட்டம் கட்டமாக, மேலிருந்து கீழ்வரை ஒரே சொல். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையின் அம்மாவைப் போல அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. ‘மரம்’ என்று எழுதிய கையோடு முத்திரையை மையில் தொட்டுப் பலகை பலகையாகக் குத்துவாள். ‘கொதிநீர் தாங்கும்’ என்ற வரியும் கீழே ஏழு என்ற எண்ணும் விழும். ஏழு அவளுடைய எண். தர அலுவலகம் அவள் பெயரில் கொடுத்தது. அது பதிந்தால்தான் லாரி கிளம்பும்.

அன்று திங்கட்கிழமை. துண்டு வெட்டித் தருகிற கட்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு லீவில் இருந்தார். அவருக்குப் பதிலாகத் தூக்குவண்டி ஓட்டுகிறவர்தான் காலையில் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவள் அவரைத் தேடிக்கொண்டு கிடங்குக்குப் போனாள். பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பெரிய தொந்தி, பெரிய மீசை, எதையும் சிரிக்காமல் சொல்கிற முகம்.

“காலையில குடுத்தீங்களே, அதை எதுலேர்ந்து வெட்டுனீங்க?”

“இதுலேர்ந்துதான்.” உட்கார்ந்திருந்த அடுக்கையே தட்டிக் காட்டினார். “வியாழக்கிழமை படகுத்துறைக்குப் போற லோடு. ஏன்க்கா, வேற எதுலேர்ந்து வெட்டணும்?”

“கட்டர் எதுலேர்ந்து வெட்டுவாரு?”

அவர் டீயைக் கீழே வைத்தார். “எனக்கென்னங்க தெரியும், நான் வண்டி ஓட்டுறவன். ஆனா அந்த மூலையில தார்ப்பாய் போட்டு ஒண்ணை மூடி வச்சிருக்காங்க பாருங்க. அதை நான் ஒரு தடவை நகர்த்தப் போயி அடி விழாத குறை. ‘தொடாதடா, அது அக்காவோட மாப்பிள்ளை’ன்னாங்க.”

அவள் அந்த மூலையைப் பார்த்து நடந்தாள்.

‘மாப்பிள்ளை’ என்ற சொல்லை அவள் ஐந்து வருடமாகக் கேட்டுவருகிறாள். அடுப்படிக்கும் பிரஸ் கூடத்துக்கும் நடுவில் ஒற்றைத் தகரச் சுவர்தான். “மாப்பிள்ளை ரெடியா?” என்று ஒருவர் கேட்பார். “அக்காவுக்கு மாப்பிள்ளையை அனுப்பியாச்சா?” என்று இன்னொருவர் கேட்பார். சிரிப்புச் சத்தம் எழும். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. தன் அக்கா வீட்டில், பின்பக்கத்து அறையில் இருக்கிறாள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல் மாதம் காது சிவந்தது. பிறகு கேட்காததுபோல இருக்கப் பழகிக்கொண்டாள். கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வானேன் என்று, என்ன ஏது என்று யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தார்ப்பாயைத் தூக்கினாள். உள்ளே ஒரே ஒரு முழுப் பலகை. ஒரு பக்கம் அளவெடுத்த மாதிரி சதுரம் சதுரமாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. விளிம்பில் ஒட்டு வரிகள் கறுப்பாக, முடிபோல மெல்லியதாக ஓடின. நல்ல பிசின். கொதிக்கும் தண்ணீர் அதை மூன்று நாள் அல்ல, மூன்று மாதம் தொட முடியாது. பக்கத்திலிருந்த லோடின் விளிம்பைப் பார்த்தாள். அங்கேயும் வரி கறுப்பாகத்தான் இருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்ததும் விரலில் சிவப்பாக இறங்கியது. சாயம்.

பசை கலக்கும் அறை ஆலையின் கோடியில். கலக்குகிறவர் அவளுடைய அக்கா புருஷன். இந்த வேலையை அவளுக்கு வாங்கித் தந்தவரும் அவர்தான். உள்ளே போனதும் கண்ணில் நீர் கட்டியது. சுவர், ஜன்னல் கம்பி, மின்விசிறியின் இறக்கை எல்லாவற்றிலும் காய்ந்த பசை உதிரத் தயாரான தோலைப்போலத் தொங்கியது. அத்தான் பீப்பாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். கையை வெளியே எடுத்து, வழிந்ததை மறு கையால் உருவிப் பீப்பாயிலேயே உதறினார். பக்கத்தில் பிரித்த மைதா மூட்டை. மாவில் மெல்லிய அசைவு இருந்தது. மாவு தானாக அசையாது.

“வாம்மா. என்ன இந்தப் பக்கம்? நீ வரவே மாட்டியே.”

“அத்தான், இதுல என்ன பாதி மாவா?”

“எல்லா ஆலையிலயும் மாவு போடுறதுதான். பசை மரத்துக்குள்ள இறங்கிடாம பிடிச்சு நிறுத்த வேணாமா?”

“நூத்துக்குப் பத்து போடுவாங்க. நான் கேட்டது பாதியான்னு.”

அவர் மூட்டையைப் பார்த்தார். “பாதிக்குக் கொஞ்சம் மேல இருக்கும். ஏதோ கிடங்குல புழுத்துப்போன மாவு, சும்மா வந்துச்சு. பிசினும் அந்தக் கறுப்பு இல்ல, மலிவான வெள்ளைதான். கொஞ்சம் கலர் போட்டுக்குவோம்.” திருடனின் குரலில் அவர் சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்தவளிடம் செய்முறை சொல்கிற குரலில் சொன்னார்.

“அப்போ எனக்கு வர்ற துண்டு?”

“அதுக்கு மட்டும் சுத்தமான கறுப்புப் பிசின். பிரஸ்ஸுலயும் முழு நேரம். மத்ததுக்கெல்லாம் கஞ்சி, அதுக்கு மட்டும் விருந்து. அதான் பசங்க மாப்பிள்ளைன்னு பேர் வச்சுட்டாங்க.” சிரிக்க ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

“அஞ்சு வருஷமா நான் குத்துன முத்திரை எல்லாம்?”

“நீ எந்தத் துண்டைப் பாத்தியோ அதுக்குத்தானே குத்துன. அது தேறிச்சு. உன்மேல ஒரு குத்தமும் இல்லம்மா.” ஈரக் கையால் அவள் தோளைத் தட்ட வந்தார். அவள் ஓரடி பின்னால் போனாள். பீப்பாயில் மேலே படிந்திருந்த ஆடை மெதுவாகச் சுருங்கி, ஒரு குமிழி வெடித்தது.

அவள் பதிவேட்டில் எழுதுவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. எப்போதும்போலக் கையில் வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது. அண்டாவை எட்டிப் பார்த்துக்கொண்டே மென்றார். தோலை ஊதியபோது நான்கைந்து அந்தத் தண்ணீரிலேயே விழுந்தன.

“தப்பான துண்டு வந்துடுச்சாம்மே. அந்தத் தொந்திக்காரனுக்கு வண்டி ஓட்டுறதைத் தவிர என்ன தெரியும்? இதைக் கொட்டிடு. வேற துண்டு வருது, போட்டுவிடு. வியாழக்கிழமை மத்தியானம் லாரி.”

“சார், இது படகுத்துறைக்குத் தரையா போடப்போறது. ஒரு மழைக்காலம் தாங்காது.”

“ஏம்மா, அந்த ஆறு என்ன கொதிக்குதா? குளுந்த தண்ணிம்மா அது. கொதிக்கிற தண்ணியில எவன் படகு விடுறான்?” தன் நகைச்சுவை தனக்கே பிடித்துப்போய் இன்னொரு முறை சொன்னார். போகும்போது குரலைத் தாழ்த்தினார். “உன் அத்தான் இங்க இருபது வருஷமா இருக்காரு. பசையைக் கலக்குனது அவர் கை. ஏதாவது வந்துச்சுன்னா முதல்ல கேக்குறது அந்தக் கையைத்தான். யோசிச்சுக்க.”

பத்து நிமிடத்தில் புதுத் துண்டுகள் வந்தன. விளிம்பில் மெல்லிய கறுப்பு வரிகள். அவள் அண்டாவைக் கவிழ்த்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, மாப்பிள்ளையைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பார்த்தாள். முத்திரை பிடித்துப் பிடித்து ஆள்காட்டி விரலில் காய்த்துப்போயிருந்த இடம், அவளுக்கே சொந்தமில்லாத ஏதோபோல இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா சாப்பாட்டுத் தட்டை அவள் முன் வைத்தாள். அத்தான் எதிரே உட்கார்ந்து, நகக்கண்ணில் காய்ந்திருந்த பசையைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பிவிட்டு, அதே கையால் சோற்றைப் பிசைந்தார். பல வருடமாகப் பார்க்கிற காட்சிதான். அன்று அவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

“அவரு எல்லாத்தையும் சொன்னாரு. உனக்கு என்ன வந்துச்சு இப்ப?” என்றாள் அக்கா.

“உனக்கு முன்னாடியே தெரியுமா, மாப்பிள்ளைன்னா என்னன்னு?”

“தெரியாம என்ன? அஞ்சு வருஷமா சிரிக்கிறோம்.” அக்காவுக்கு இப்போதும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “நீ வேற நெனச்சுட்டியா? அட பைத்தியமே, கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

“நீயா சொல்லியிருக்கலாம்.”

“சொல்லி? அவர் வேலை போனா நாம மூணு பேரும் எங்க போய் நிக்கிறது? நீ என்ன, கத்தி எடுத்து யாரையாவது குத்தப்போறியா? ரப்பரை எடுத்துப் பலகையில குத்தப்போற. அவ்வளவுதானே.”

அவள் பின்பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவும் ஆலையில் கழித்துப்போட்ட பலகை. அடிப்பக்கம் ஈரம் பட்டு உப்பி, ஏடு ஏடாக விரிந்திருந்தது. இத்தனை நாள் அதைக் கரையான் என்று நினைத்திருந்தாள். விரலால் ஓர் ஏட்டைத் தூக்கினாள். அதே புளிப்பு வாடை.

மூன்று நாள் மாப்பிள்ளை கொதித்தார். அவள் தண்ணீர் ஊற்றிக் காத்தாள். ஆலையில் யாரும் சமையலைப் பற்றிக் கேட்கவில்லை. தகரச் சுவருக்கு அந்தப் பக்கமும் சிரிப்பு இல்லை. புதன்கிழமை தூக்குவண்டிக்காரர் மட்டும் எட்டிப் பார்த்தார்.

“அக்கா, என் மாமியார் தினம் அந்தத் துறையிலதான் ஏறி எறங்குறாங்க. அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல.” கொஞ்சம் நின்றார். “என் பொண்ணும் கூடப் போறா. கையைப் பிடிச்சுக்கிட்டு.”

அவள் அண்டாவில் தண்ணீரை ஊற்றினாள்.

வியாழக்கிழமை நண்பகலில் லாரி வந்து வாசலில் நின்றது. மேனேஜர் கடலையோடு வந்தார். அத்தானையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவள் துண்டுகளை எடுத்து, பட்டறை மேசையில் இறுக்கி, உளியைச் செருகி நெம்பினாள். மரம் நரம்பு நரம்பாகக் கிழிந்தது. நான்கிலும் அப்படித்தான். இவ்வளவு அழகான ஒட்டை அவள் ஒன்பது வருடத்தில் எத்தனையோ முறை பார்த்து மகிழ்ந்திருக்கிறாள். இப்போது நான்கையும் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

“பாத்தியா, தங்கம்” என்றார் மேனேஜர். “எழுதிட்டுக் குத்தும்மா.”

அவள் அலமாரியிலிருந்து முத்திரையை எடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதன் கட்டை பிளந்துபோனது. முத்திரை கெட்டுப்போனால் அன்றே உறையில் போட்டுத் தர அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், புதியதைக் கொண்டுவருகிற அதிகாரி கிடங்கில் தன் கையால் துண்டு வெட்டிக் கொதிக்கவைத்துப் பார்த்த பிறகே அதைத் தருவார் என்பது விதி. “அந்த ஆளை எதுக்கு வரவழைச்சுக்கிட்டு” என்று அப்போது மேனேஜர் சொல்லிவிட்டார். அத்தான் பலகைத் துண்டுகளை அடுக்கி ஒட்டி, இழைத்து, புதுக் கட்டை செய்து, ரப்பரையும் அதில் ஒட்டிக் கொடுத்தார். “நம்ம பசை. நாம போனாலும் இது பிரியாது” என்று சொன்னதுகூட அவளுக்கு நினைவிருந்தது. அன்று அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

முத்திரையை இன்னும் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவுக்கு மேலே பிடித்து, உள்ளே விட்டாள். ‘டபக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“என்னம்மா பண்ற?”

“சோதனை சார். இதையும் நம்ம பசையிலதான் ஒட்டியிருக்கு.”

மேனேஜர் அண்டாவுக்குள் கையை விடப்போய், ஆவி பட்டு உதறிக்கொண்டார். இடுக்கி எங்கே என்று சுற்றிலும் தேடினார். அது அவள் கையில் இருந்தது. “அதைக் குடு” என்றார். அவள் கொடுக்கவில்லை. அவர் அத்தானைப் பார்த்து, “உங்க வீட்டுப் பொண்ணுதானே, சொல்லுங்க” என்று கத்தினார். அத்தான் அவளைப் பார்க்கவில்லை. அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழில்காரர். எத்தனை நிமிடம் தாங்கும் என்று அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

முதலில் ஒரு சிவப்புக் கோடு தண்ணீரில் இறங்கியது. அடுத்ததாக வாடை வந்தது. கட்டையின் ஒரு மூலை உதடு பிதுங்குவதைப் போல விரிந்தது. அதன்பின் நேரம் எடுக்கவில்லை. ஏடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று மேலே வந்தன, நடுவில் வெள்ளைச் சளி நூல் நூலாக இழுத்துக்கொண்டு. கடைசியில் ரப்பர் கழன்றது.

“பதினோரு நிமிஷம்” என்றாள்.

“பதினஞ்சாவது தாங்கும்னு நெனச்சேன்” என்றார் அத்தான், தன்னை அறியாமல்.

மேனேஜர் பொட்டலத்தைத் தரையில் வீசிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லாரிக்காரரிடம் ஏதோ சொல்கிற சத்தம் கேட்டது. அவள் ரப்பரை இடுக்கியால் எடுத்து, குழாயில் காட்டி, தர அலுவலகத்து உறையில் போட்டு ஒட்டினாள். உறையின் ஓரத்தில் ஆயத்தமாகத் தடவியிருந்த பசை நாக்கில் பட்டதும் குமட்டியது. விழுங்கிக்கொண்டாள்.

பதிவேட்டைத் திறந்தாள். திங்கட்கிழமைத் துண்டுகளுக்கு முதலில் எழுதினாள். நாற்பத்தைந்து நிமிடம். கடைசிக் கட்டத்தில்: பசை. கீழே இன்னொரு வரி. மாதிரி: முத்திரைக் கட்டை, எண் ஏழு. பதினோரு நிமிடம். பசை. மேலே ஐந்து வருடத்து ‘மரம்’ வரிசையாக நின்றது. ஒவ்வொன்றும் அவள் கையெழுத்து, வளைவும் சுழியும் கச்சிதமாக. அவற்றை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பதிவேட்டையும் பைக்குள் வைத்தாள்.

“ஆபீசுலேர்ந்து ஆள் வந்தா என்ன சொல்வ?” என்று கேட்டார் அத்தான். குரலில் கோபம் இல்லை. அது அவளை இன்னும் கூசவைத்தது.

“எது வந்துச்சோ அதைச் சொல்வேன்.”

“யார் கலக்குனதுன்னு கேப்பாங்க.”

“யார் குத்துனதுன்னும் கேப்பாங்க அத்தான்.”

அவர் தலையசைத்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த துணி விரலோடு ஒட்டிக்கொண்டது. உதறிப் பார்த்தார், வரவில்லை. “சாயங்காலம் வீட்டுக்கு வருவியா?”

“தெரியல.”

அவர் போன பிறகு அவள் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். இன்னொரு முறை கழுவினாள். நகத்துக்கு அடியில் வாடை இருந்தது. எத்தனை முறை கழுவினாலும் அது இன்றைக்குப் போகாது என்று புரிந்ததும் குழாயை மூடினாள்.

பட்டறை மேசையில் மாப்பிள்ளை கிடந்தது. நான்கு துண்டுகள், கிழிந்த இடத்தில் நார் பிசிறிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல். அவள் இடுக்கியை எடுத்தாள். கையால் தொடாமல் ஒவ்வொன்றாகத் தூக்கி, அழுக்குத் தண்ணீர் வாளிக்குள் போட்டாள்.